கோபம், வெசனம், நெஞ்சு: நெல்லைச் சீமைக்கு ஒரு கையேடு

பிரஷர் எப்படி வந்தது என்று கேட்டால் நம்ம பக்கத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எல்லாம் டென்ஷன்தான்." பதிலில் உண்மை இருக்கிறது. 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளியானது. அதற்குத் தலைமை தாங்கியவர் கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுஃப். மாரடைப்புக்கு வழிவிடும் 9 முக்கியக் காரணங்களில் மனநெருக்கடியையும் ஒன்றாக, புகை, சுகர், பிரஷர், கொழுப்பு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அந்த ஆய்வு வைத்தது. முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடச் சுமார் 6 வருடம் முந்தி, 53 வயதை ஒட்டி வருகிறது என்பதும் அதே ஆய்வின் கணக்கிலிருந்து தெரிந்ததுதான்.

ஆனால் "டென்ஷன்" என்று சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். கோபம் நெஞ்சைத் தாக்கும் விதம் வேறு, உள்ளேயே வைத்துப் புழுங்குவது தாக்கும் விதம் வேறு, தனிமையும் துக்கமும் வேறு. தன்னுடையது எது என்று தெரிந்தால்தான் என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும். ஒருவருடைய குணத்தையே மாற்றச் சொல்வதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. குணத்தால் வரும் சில மணி நேரங்களையும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சில பழக்கங்களையும் மாற்ற முடியும். இங்கே சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

டென்ஷன் என்று முடிவு கட்டுவதற்கு முன்

நடு நெஞ்சில் பாரம் ஏற்றிவைத்தது போல அழுத்தம், அது இடது கை, தாடை, முதுகு, மேல்வயிறு என்று எங்காவது பரவுவது, குப்பென்று வியர்ப்பது, மூச்சு முட்டுவது, குமட்டல். இவற்றில் எதுவும் 10 நிமிடத்துக்கு மேல் நின்றால் அது கேஸா டென்ஷனா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். சோடா வாங்கி வரச் சொல்வது, ஓமத் தண்ணீர் வைப்பது, இஞ்சி தட்டிப் போடுவது என்று ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்தில் அடைபட்ட இதய ரத்தக் குழாய்க்குப் பின்னால் இருக்கும் தசை செத்துக்கொண்டிருக்கும். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்தோ திசையன்விளை பக்கத்திலிருந்தோ பாளையங்கோட்டை வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் வீட்டில் வீணாக்க நேரமே கிடையாது.

பெண்களுக்கும், நெடுநாள் சுகர் உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். வெறும் மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி, நெஞ்சுக்குழியில் எரிச்சல் மட்டும் இருக்கும். வீட்டில் சண்டை நடந்த அன்று ஒரு பெண் இதைச் சொன்னால் "கோவத்துல அப்படித்தான் இருக்கும், செத்த படு" என்று சொல்லிப் படுக்க வைத்துவிடுகிறார்கள். சண்டை நடந்தது என்பதே ஈ.சி.ஜி. எடுக்க இன்னொரு காரணம். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்துவிட்டதாலும் எல்லாம் முடிந்துவிடாது. வலி தொடர்ந்தால் திரும்ப எடுக்க வேண்டும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

பக்கத்தில் என்ன இருக்கிறதோ அங்கே முதலில் போகலாம். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவதை மட்டும் செய்யாதீர்கள். வழியில் இதயத் துடிப்பு நின்றுபோனால் பைக்கில் எதுவும் செய்ய முடியாது.

திடீர்ப் பதற்றத்தில் வரும் படபடப்பு பெரும்பாலும் 10 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் தானே இறங்கிவிடும். விரல் நுனி மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்று பயம் வரும். இதை ஏற்கெனவே டாக்டர் பார்த்து, இதயத்தில் கோளாறில்லை என்று சொல்லியிருந்தால்தான் அந்த முடிவுக்கு வரலாம். முதல் தடவை யாருக்கும் வீட்டில் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது

மூன்று வேகத்தில் நடக்கிறது. முதலாவது நொடிக் கணக்கு. கோபமோ பயமோ மூளையில் பற்றிய உடனே அட்ரினலின் ரத்தத்தில் இறங்குகிறது. துடிப்பு கூடுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை கூடுகிறது. இதயக் குழாய் சுத்தமாக இருப்பவருக்கு இது வந்து போகும். குழாய்க்குள் கொழுப்புப் படிவு இருப்பவர் கதை வேறு. மடை திறந்ததும் வேகமாக வரும் தண்ணீர் நைந்த வாய்க்கால் கரையை அரிக்கிற மாதிரி, திடீர்ப் பிரஷர் அந்தப் படிவின் மேல்தோலைக் கிழித்துவிடலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்தால் அதுதான் மாரடைப்பு.

இரண்டாவது, மாதக் கணக்கு. தீராத கவலையில் கார்ட்டிசோல் என்ற சுரப்பு நாள் முழுக்க உயர்ந்தே இருக்கிறது. சுகர் ஏறும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், ராத்திரி இறங்க வேண்டிய பிரஷர் இறங்காது.

மூன்றாவது, பழக்கத்தின் வழி. மனசு சரியில்லாத ஆள் ஒரு பீடி கூடப் பிடிப்பார், நடக்கப் போக மாட்டார், மாத்திரையை மறப்பார், ராத்திரி ஒரு மணி வரை செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார். நம்ம ஊரில் பெரிய சேதம் இந்த மூன்றாவது வழியில்தான் நடக்கிறது என்பது எங்கள் எண்ணம். சரிசெய்ய எளிதானதும் அதுதான்.

ஏழு நாள் நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள். மேற்கையில் கட்டும் பிரஷர் மெஷின் வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது சரிப்படாது. பட்டை அளவை வாங்கும்போதே பாருங்கள். சாதாரணமாகப் பெட்டியில் வருவது 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. அதற்கு மேல் பருமனான கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். வீட்டில் பிரஷர் "கன்னாபின்னான்னு" காட்டுகிறது என்று மெஷினைத் திட்டுகிறவர்கள் முதலில் இஞ்ச் டேப்பை எடுத்துக் கையை அளக்க வேண்டும்.

அளக்கும் முறை: அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி, காலைக் குறுக்கே போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை வெறும் கையில், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே. கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது பேசக் கூடாது. பேசினாலே 10 புள்ளி வரை ஏறும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், ராத்திரி படுக்கப் போகும் முன்.

முதல் நாள் அளவை விட்டுவிட்டு மற்ற 6 நாளுக்குச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 180/120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கைகால் இழுப்பு ஏதாவது இருந்தால் அன்றைக்கே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறி வீட்டில் சரியாக இருப்பதும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. ரெண்டாவது வகைதான் மோசம், நோட்டு இல்லாமல் அது பிடிபடாது.

பிரஷருக்குப் பக்கத்தில் ஒரு பத்தி விட்டு அன்று நடந்ததை நாலு வார்த்தையில் எழுதுங்கள்: "வரப்புத் தகராறு", "குழுவுக்குக் கட்ட ரூபாய் இல்லை", "வாய்தாவுக்கு முந்தின ராத்திரி, தூக்கம் 3 மணி நேரம்", "யாரும் வரலை". கூடவே எத்தனை பீடி, எத்தனை டீ, எத்தனை மணி நேரத் தூக்கம். ஒரு வாரத்தில் உங்கள் வகை உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் மெஷின் வாங்கிய கையோடு நாளைக்குப் பத்துத் தடவை அளக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏறியிருக்கே என்ற பயத்தில் மறுபடி அளந்தால் இன்னும் ஏறும். அவர்கள் வீட்டில் மெஷினை வேறொருவர் எடுத்து வைத்துக்கொண்டு, காலையும் ராத்திரியும் மட்டும் கொடுப்பது நல்லது.

கோபக்காரர்கள்

1950-களில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மேயர் ஃப்ரீட்மேன், ரே ரோஸன்மேன் என்ற இரண்டு இதய டாக்டர்கள், சதா அவசரமும் போட்டியும் எரிச்சலுமாக இருக்கும் குணத்துக்கு "ஏ வகை" என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை எட்டரை வருடம் தொடர்ந்து பார்த்ததில் இந்த வகையினருக்கு இதயநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. பிறகு வந்த பல ஆய்வுகளில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. சலித்துப் பார்த்ததில் மிஞ்சியது பகைமை உணர்வு: யாரையும் நம்பாமை, எல்லாரும் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்ற நினைப்பு, சுள்ளென்று வரும் கோபம். சுறுசுறுப்பாக ஓடியாடி வேலை பார்ப்பதால் மட்டும் யார் நெஞ்சும் கெடுவதில்லை. இடையில், புகையின் மேல் விழும் பழியைக் குணத்தின் மேல் திருப்பிவிடலாம் என்று புகையிலைக் கம்பெனிகள் இந்த ஆராய்ச்சிக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்த கதையும் பின்னால் வெளியே வந்தது. "அவருக்குக் கோபத்தாலதான் அட்டாக் வந்தது, பீடியால இல்லை" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தின் கணக்கு மணிக் கணக்கு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரையில், கோபம் வெடித்த அடுத்த 2 மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நேரத்தைவிடச் சுமார் 5 மடங்கு என்று வந்தது. இளவயதில் எந்த நோயும் இல்லாதவருக்கு ஐந்தால் பெருக்கினாலும் அது சின்ன எண்தான். பிரஷர், சுகர், பீடி மூன்றும் இருந்து, நாளைக்கு நாலு தடவை கத்துகிறவருக்கு அது சின்ன எண்ணாக இருக்காது.

எனவே பாதுகாக்க வேண்டியது அந்த 2 மணி நேரத்தை. காது சூடாகிறது, தாடை இறுகுகிறது, குரல் தடிக்கிறது என்று தெரிந்ததும் செய்யலாம்: நிற்கிற இடத்தை விட்டு நகர்ந்து உட்காருங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு ஆகும். 5 நிமிடம் போதும். விடும் மூச்சு நீளும்போது துடிப்பு இறங்கும். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். பிரஷரோ இதயநோயோ உள்ளவர்கள் கபாலபாதி மாதிரி வேகமாக வயிற்றை அடிக்கும் மூச்சுப் பயிற்சிகளைச் செய்யவும் வேண்டாம்.

பிறகு அந்த 2 மணி நேரத்துக்கு மூட்டை தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது, மோட்டார் செட்டுக்கு வெயிலில் வேகமாக நடப்பது, வண்டி ஓட்டுவது எதுவும் வேண்டாம். பீடி, சாராயம் ரெண்டும் அறவே ஆகாது. கோபத்தில் பீடியைப் பற்றவைத்தால் ஏற்கெனவே சுருங்கிய குழாயை நிக்கோட்டின் இன்னும் சுருக்கும். வரப்பில் கத்திவிட்டு வந்து அதே சூட்டில் மண்வெட்டியை எடுப்பதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தப்பு.

கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் நெஞ்சு லேசாகும் என்பது சரியில்லை. கத்தக் கத்தக் கோபம் வளருமே தவிரக் குறையாது. அமுக்கி வைப்பதும் வழியில்லை, பிரஷர் உள்ளே ஏறிக்கொண்டேதான் இருக்கும். மறுநாள் குரல் இறங்கிய பிறகு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, நேத்து எங்க முறைத் தண்ணியை நீங்க திருப்பிட்டீங்க. அடுத்த முறை ரெண்டு பேரும் மடையில நின்னே பார்த்துக்கிடுவோம்." போன வருஷக் கதை, அப்பா காலத்துக் கதை எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் திரும்பச் சண்டைதான்.

வாய்தா நாள் தனி. முந்தின ராத்திரி தூங்காமல், காலையில் சாப்பிடாமல், "வந்து போட்டுக்கிடலாம்" என்று மாத்திரையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. காலை மாத்திரை வீட்டிலேயே, இரண்டு இட்லியாவது வயிற்றில், மத்தியான மாத்திரை சட்டைப் பையில், கூட ஒரு ஆள். வழக்கின் எதிர்த்தரப்புக்காரரோடு ஒரே பஸ்ஸில் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

உள்ளேயே வைத்துப் புழுங்குகிறவர்கள்

இவர்கள் சத்தமே போட மாட்டார்கள். எதிலும் கெட்டதுதான் நடக்கும் என்ற கவலை ஒருபக்கம், அதை யாரிடமும் சொல்லாத கூச்சம் மறுபக்கம். பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் யோஹான் டெனோலெட் 1990-களில் இதை "டி வகை" என்று பிரித்தார். இதய நோயாளிகளில் இவர்கள் பாடு மோசம் என்று முதலில் வந்த முடிவுகளைப் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அவ்வளவாக உறுதி செய்யவில்லை. ஆனால் இவர்கள் அறிகுறியைக்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை, டாக்டரிடமும் தாமதமாகத்தான் வருகிறார்கள். அந்தத் தாமதமே போதும்.

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களில் இந்த வகையை நிறையப் பார்க்கலாம். மடியில் சுளகு, குனிந்த கழுத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியில்லை என்று ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். அங்கே வாய் திறக்க முடியாது, வீட்டுக்கு வந்தாலும் முடியாது. குழுக் கடன் தவணை வாரா வாரம் வந்து நிற்கும். சுற்றுகிற கை நிற்காததால் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதில்லை, புகையிலைத் தூசி வேறு.

மணிக்கு ஒருமுறை சுளகை இறக்கி வைத்து 5 நிமிடம் தெருக்கோடி வரை நடந்து வாருங்கள். எத்தனை பீடி குறையும் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். கழுத்து வலியில் கை தளர்ந்து குறைவதைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். கடன் கவலைக்கு மனப் பயிற்சி எதுவும் உதவாது, அதற்குத் தாளும் பேனாவும்தான். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி, வட்டி எவ்வளவு என்று எழுதி, நம்பிக்கையான ஒரு ஆளிடம், அக்காவோ மைனியோ, காட்டிவிட வேண்டும். ராத்திரி 2 மணிக்குத் தலைக்குள் ஓடும் கணக்கு தாளுக்கு வந்துவிட்டால் பாதித் தூக்கம் திரும்பும். குழுவில் தவணையைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்பதும் அந்தத் தாள் கையில் இருந்தால்தான் நடக்கும்.

பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் வீட்டில்

ராதாபுரம், நாங்குநேரி, களக்காடு பக்கம் பல தெருக்களில் வீட்டுக்கு ஒரு ஆச்சியோ தாத்தாவோதான் மிச்சம். பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும். ஆள் தொடர்பு குறைந்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல் என்று ஆய்வுகளின் தொகுப்புக் கணக்கு சொல்கிறது. காசு அனுப்புவதால் இது சரியாகாது.

போனில் "சாப்டியாம்மா?" என்று கேட்டால் "சாப்டேன்யா" என்றுதான் பதில் வரும், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும். தினமும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு, எண்ணிச் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள்: "எம்மா, பிரஷர் மாத்திரை அட்டையில எத்தனை மிச்சம் இருக்கு?" இரண்டு நாளைக்கு ஒரே எண் வந்தால் மாத்திரை போடவில்லை. "இன்னைக்கு யாரு வந்தா?" என்பது அடுத்த கேள்வி. மூன்று நாள் யாரும் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போட்டுப் பேசுங்கள்.

கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி வையுங்கள்: 108, பக்கத்து வீட்டு நம்பர், மாத்திரைகளின் பெயர், எதற்கெல்லாம் ஒவ்வாமை. பிரஷர், சுகர் மாத்திரைகள் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். கிராமச் செவிலியரிடம் பெயரைப் பதிந்தால் போதும். மாதா மாதம் ஒருவர் வந்து பிரஷர் பார்த்துவிட்டு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவதில் மாத்திரையைவிடப் பெரிய பலன் பல வீடுகளில் இருக்கிறது.

துட்டி வீட்டில்

நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நாளைவிடச் சுமார் 21 மடங்கு என்று மாரடைப்பு வந்த சுமார் 2,000 பேரைக் கேட்டுச் செய்த 2012-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு சொன்னது. அடுத்தடுத்த நாள்களில் இது இறங்கும், முழுதாக இறங்க ஒரு மாதம் ஆகலாம். துக்கத்தைத் தடுக்க முடியாது. அன்று நடக்கும் மற்ற தப்புகளைத் தடுக்கலாம்.

அந்த வீட்டில் பிரஷரோ சுகரோ இதயநோயோ உள்ளவர்கள் யார் யார் என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு இளவட்டத்தைப் பொறுப்பாக்குங்கள். "சித்தப்பா, இந்தாங்க, மாத்திரையைப் போட்டுக்கிடுங்க" என்று கையில் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பிரஷர் மாத்திரையையும் ஆஸ்பிரினையும் அன்று மட்டும் என்று விடக் கூடாது. முக்கியமாகத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனலால் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் எகிறிப்போகும். சுகர் மாத்திரை கதை வேறு. உடலை எடுத்த பிறகுதான் சாப்பாடு என்று வெறும் வயிற்றில் இருப்பவர் அதைப் போட்டுக்கொண்டாலோ ஊசி போட்டுக்கொண்டாலோ சுகர் ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுவார். துக்கத்தில் மயங்கினார் என்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். அடுப்பு மூட்டாத வீட்டிலும் பக்கத்து வீட்டுக் கஞ்சி உண்டு. அதைக் கொடுத்துவிட்டுத்தான் சுகர் மாத்திரை.

கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகனே இதய நோயாளியாக இருப்பது சகஜம். அவர் பாடையைத் தோள் கொடுத்துத் தூக்க வேண்டாம், சுடுகாட்டுக்கு வண்டியில் போகட்டும், குடை பிடியுங்கள், உட்கார நாற்காலி வையுங்கள். யாரும் குறையாகப் பேச மாட்டார்கள்; பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

துக்கத்தில் வரும் நெஞ்சுவலியில் ஒரு வகையை டாகோட்சுபோ என்பார்கள். முதலில் விவரித்தது 1990-இல் ஜப்பானிய டாக்டர்கள். குழாயில் அடைப்பு இருக்காது, ஆனால் இடது கீழறையின் நுனி உப்பிச் சுருங்காமல் நின்றுவிடும். வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். பலருக்குச் சில வாரத்தில் சரியாகிவிடும். மாரடைப்பா இதுவா என்று ஆஞ்சியோ செய்யாமல் சொல்ல முடியாது, எனவே கணவரை இழந்த பெண் நெஞ்சைப் பிடித்தால் அழுகைக் களைப்பு என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மாரடைப்புக்குப் பிறகு வரும் சோர்வு

மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அந்தச் சோர்வு வந்தவர்களுக்கு நெஞ்சில் மறுபடி சிக்கல் வரும் வாய்ப்பும் கூடுதல். "பயந்துட்டாரு, போகப் போகச் சரியாயிரும்" என்று ஆறு மாதம் ஓடிவிடும். கேட்டுப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். கடந்த 2 வாரத்தில், எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தது? மனசு சோர்ந்து, நம்பிக்கையற்று எத்தனை நாள் இருந்தது? ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறையத் தினமும் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது மேலே வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416, டெலி மானஸ், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும், தனியாக விடக் கூடாது.

மனச்சோர்வுக்கான மாத்திரை இதயத்தைக் கெடுக்கும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. செர்ட்ராலின் மாரடைப்பு வந்தவர்களிடமே பரிசோதிக்கப்பட்டுப் பாதுகாப்பானது என்று 2002-இல் தெரிந்தது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள்தான் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம். எனவே இதய டாக்டர் எழுதிய சீட்டை மனநல டாக்டரிடமும், அவருடையதை இவரிடமும் காட்டுங்கள்.

டாக்டர் அனுமதித்ததும் நடை ஆரம்பிக்க வேண்டும். தெருவுக்குள் 5 நிமிடம், வாரா வாரம் 5 நிமிடம் கூட்டி, பிறகு ஆற்றங்கரையிலோ பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்திலோ 30 நிமிடம் வரை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பயத்துக்கும் சோர்வுக்கும் இதைவிட விலை குறைந்த மருந்து கிடையாது. சும்மா படுக்க வைத்து, "ஏலே, அப்பாவை அசையவிடாதே" என்று காவல் காக்கும் வீட்டில் இரண்டும் வளரும்.

மனசு சரியில்லாதபோது கை எங்கே போகிறது

பீடி: எண்ணிக்கையைக் குறைப்பதில் இதயத்துக்குக் கிடைக்கும் லாபம் மிகக் கொஞ்சம், நாளைக்கு ஒன்றிரண்டும் சேதம்தான். முழுதாக விட வேண்டும். விட்ட முதல் 3 நாள் எரிச்சல் உச்சத்தில் இருக்கும். "விட்டதாலதான் டென்ஷன் கூடுது" என்று திரும்ப ஆரம்பிப்பது அந்த நாள்களில்தான். வேட்கை ஒவ்வொரு தடவையும் சில நிமிடம்தான் நிற்கும். மேலே சொன்ன 4–6 மூச்சை அப்போது எடுங்கள்.

சாராயம்: குடித்த ராத்திரி சீக்கிரம் தூக்கம் வரும், 2 மணிக்கு முழிப்பு வரும், காலையில் பிரஷர் ஏறியிருக்கும். நோட்டில் எழுதிப் பாருங்கள், நாங்கள் சொல்லத் தேவையிருக்காது.

டீ, காபி சாயங்காலம் 4 மணிக்கு மேல் வேண்டாம். கருப்பட்டிக் காபியிலும் காபிதான் இருக்கிறது. அல்வாவைப் பற்றி இந்த ஊரில் எதுவும் சொல்லப் பயமாக இருக்கிறது. கவலையில் தனியாக உட்கார்ந்து கால் கிலோவை முடிக்காமல், நாலு பேரோடு ஒரு விள்ளல் சாப்பிட்டால் சண்டையில்லை. சுகர் உள்ளவர்களுக்கு அந்த விள்ளலும் கணக்குத்தான்.

தூக்கம் 7 மணி நேரம். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவருக்கு எத்தனை மாத்திரை போட்டாலும் பிரஷர் லேசில் இறங்காது. இது அவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது

நோட்டு, பழைய ஈ.சி.ஜி., போடுகிற எல்லா மாத்திரையின் அட்டையும் (நாட்டு மருந்து, வலி மாத்திரை உட்பட). வலி மாத்திரைகள் பலவும் பிரஷரை ஏற்றும், அதைச் சொல்லாமல் விட்டால் டென்ஷன் மேல் பழி போய்விடும். படபடப்பு முக்கியப் புகார் என்றால் ரத்த அளவும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டு கூடுதலும் அச்சு அசலாகப் பதற்றம் மாதிரியே காட்டும். நாடி ஒழுங்கில்லாமல் அடிக்கிறது என்று தோன்றினால் அது நடக்கிற நேரத்திலேயே ஈ.சி.ஜி. எடுத்தால்தான் பிடிபடும்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதை எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்துதான் போட வேண்டும், நின்றுகொண்டு போட்டால் பிரஷர் இறங்கித் தலை சுற்றி விழுவீர்கள். 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108. ஆண்மை மாத்திரைகளில் சில்டெனாஃபில் போட்டவர்கள் 24 மணி நேரத்துக்கும், டடாலஃபில் போட்டவர்கள் 48 மணி நேரத்துக்கும் இதைத் தொடவே கூடாது. கூச்சப்பட்டு மறைத்தால் உயிர் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தது என்று உங்கள் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.